பிரித்துப் பூட்டிய பிறகு: பழைய கார் என்ஜினில் தீராத கோளாறைத் தேடிய தொழிலின் கதை

முழு என்ஜின் வேலை முடிந்து வெளியே போன கார், சில நாளிலேயே அதே கோளாறோடு பட்டறை வாசலில் வந்து நிற்பது மோட்டார் தொழிலைப் போலவே பழைய சிக்கல். போரிங் போட்டு, பிஸ்டனும் ரிங்கும் மாற்றி, கிராங்கை கிரைண்டிங் செய்து, வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்த பிறகும் வண்டி மிஸ் அடிக்கும், மேட்டில் இழுக்காது, சூடேறும், ஆயில் குடிக்கும். இதற்குக் காரணங்கள் இரண்டு வகை. கோளாறின் வேர் பிரித்த இடத்தில் இல்லாமல் வேறெங்கோ இருந்திருக்கலாம். இல்லையென்றால், பிரித்துப் பூட்டியபோதே புதிய கோளாறு ஒன்று உள்ளே புகுந்திருக்கலாம். அறிகுறி ஒன்றுபோல இருப்பதால் அதைப் பழையது என்றே எல்லோரும் நினைத்துவிடுவார்கள். இந்த இரண்டையும் பிரித்தறியும் திறமை தமிழ்நாட்டில் வளர்ந்தது, கார் கிடைப்பது அரிதாகவும் இருக்கிற காரை ஓட வைப்பது கட்டாயமாகவும் இருந்த காலத்தில்.

தென்னகத்தில் என்ஜின் வேலையை வளர்த்தது காரைவிடப் பஸ்தான். டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சி - பழனி பாதையில் ஒரே ஒரு பஸ்ஸோடு தொழிலைத் தொடங்கினார். மண் ரோட்டின் புழுதியில், வடிகட்டாத காற்றை இழுத்து ஓடிய அந்த என்ஜின்கள் சீக்கிரம் தேய்ந்தன. இன்று கடையில் கிடைக்கும் மெல்லிய ஓடு போன்ற பேரிங்குகள் அப்போது பரவவில்லை. ஒயிட் மெட்டலை உருக்கி கனெக்டிங் ராடிலேயே ஊற்றி, ஆறியபின் நீல மை தடவிய கிராங்கில் பொருத்திச் சுற்றிப் பார்த்து, மை ஒட்டிய மேடுகளைச் சுரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார்கள். என்ஜின் அமைதியாக ஓடுமா, ஆயிரம் மைலில் மறுபடி தட்டுமா என்பது அந்தச் சுரண்டலில் இருந்தது.

பஸ் ஷெட்டுக்கு ஒரு பெரிய அனுகூலம் இருந்தது. வேலை பார்த்த வண்டி ஒவ்வொரு இரவும் அதே ஷெட்டுக்குத் திரும்பி வரும். எத்தனை மைல் ஓடியது, எவ்வளவு ஆயில் ஊற்றப்பட்டது என்பது புத்தகத்தில் இருக்கும். முன்பு யார் பிரித்தார், என்ன மாற்றினார் என்பது ஃபிட்டரின் நினைவில் இருக்கும். வேலைக்குப் பின்னும் கோளாறு தொடர்ந்தால் அதை மறைக்க வழியில்லை. அடுத்த நாளே தெரிந்துவிடும். கோளாறு கண்டறிவதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் பிற்காலத்தில் அமையவில்லை. சொந்தக் காரோ அப்படியல்ல. இன்று ஒரு பட்டறை, ஆறு மாதம் கழித்து இன்னொரு பட்டறை என்று போகும். முதல் பட்டறையில் என்ன நடந்தது என்பது இரண்டாவதற்குத் தெரியாது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பெட்ரோல் ரேஷன், பஸ்களைக் கரிவாயுவுக்குத் தள்ளியது. வண்டியின் பின்னால் அடுப்புக்கரி உலை ஒன்றைப் பூட்டி, அதிலிருந்து வரும் வாயுவில் என்ஜினை ஓட்டினார்கள். டி.வி.எஸ். நிறுவனமே அத்தகைய உலைகளைத் தயாரித்தது. சரியாக வடிகட்டாத கரிவாயுவோடு சாம்பலும் தாரும் சிலிண்டருக்குள் போகும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் சிலிண்டர் சுவர் தேயும். போர் முடிந்தபோது போரிங் போட வேண்டிய என்ஜின்கள் ஏராளம். புது வண்டியோ கிடைக்கவில்லை.

1953-ல் சுங்கவரிக் குழுவின் பரிந்துரையை அரசு ஏற்றது. உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாமல், பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்கும் நிறுவனங்களுக்கு இனி இடமில்லை என்றானது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு இந்தியச் சாலைகளில் பெரும்பாலும் மூன்று கார்கள்தான்: ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வங்காளத்தின் உத்தர்பாராவில் 1957 முதல் செய்த அம்பாசடர், பின்னாளில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய பம்பாயின் ஃபியட் 1100, சென்னை வண்டலூருக்கு அருகில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்ததால், கையில் உள்ள வண்டியை யாரும் விடவில்லை. ஒரே என்ஜின் இருபது முப்பது ஆண்டுகள் ஓடியது. மூன்று நான்கு முறை பிரிக்கப்பட்டது.

இப்படிப் பிரித்துப் பூட்டுவதற்கென்று ஒரு கணக்கு உண்டு. சிலிண்டர் தேய்ந்தால் அதை இருபது தௌ பெரிதாகக் கடைந்து, அந்த அளவுக்குப் பெரிய பிஸ்டன் போடுவார்கள். தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அடுத்த முறை நாற்பது. அதற்குமேல் சுவர் தாங்காது. ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். கிராங்க் இதற்கு எதிர்த்திசையில் போகும்: பத்து, இருபது, முப்பது என்று ஒவ்வொரு முறையும் சிறுத்துக்கொண்டே வரும். இந்த ஓவர்சைஸ், அண்டர்சைஸ் பாகங்களைச் செய்வதே சென்னையில் ஒரு பெரிய தொழிலாயிற்று. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-லும், பாடியில் டிஸ்ட்ரிபியூட்டரும் காயிலும் டைனமோவும் செய்யும் லூகாஸ்-டி.வி.எஸ். 1961-லும் தொடங்கின. புதுப் பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழையவற்றுக்குப் புதுப்பேட்டை என்று நகரம் பழகிக்கொண்டது.

தொழில் வளர்ந்த விதத்திலேயே சிக்கலின் விதையும் இருந்தது. பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ ஒரு பெரிய கராஜ் என்ஜினை முழுதாக எடுத்துக்கொள்ளும். இங்கே ஒரு என்ஜின் பல கைகளுக்குப் பிரிந்து போனது. மெக்கானிக் இறக்கிப் பிரிப்பார். பிளாக்கும் கிராங்கும் லேத்து பட்டறைக்குப் போகும். ஹெட் ஃபேஸிங்குக்குப் போகும். ரேடியேட்டர் ரேடியேட்டர் கடைக்கு. டைனமோவும் டிஸ்ட்ரிபியூட்டரும் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம். டீசல் வண்டியானால் பம்ப் தனி இடத்துக்கு. ஒவ்வொருவரும் தம் வேலையில் கைதேர்ந்தவர்தான். எந்தக் கடையின் வேலையிலும் குறை சொல்ல முடியாதபடி இருந்ததும் உண்டு. ஆனால் என்ஜின் முழுவதற்கும் பொறுப்பான ஒரு கண் இல்லை. பெரிய வேலைக்குப் பின் மிஞ்சிய கோளாறுகளில் பெரும்பகுதி எந்தக் கடையின் வேலையிலும் இல்லை. ஒரு கடையின் வேலை முடிந்து இன்னொன்றின் வேலை தொடங்கும் எல்லையில் இருந்தது. அதனால்தான் அவற்றைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமாயிற்று. எல்லோரும் தத்தம் பகுதியைச் சரிபார்த்துச் சரி என்றார்கள்; அவரவர் சொன்னது உண்மையாகவும் இருந்தது.

அம்பாசடரின் என்ஜினை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். முதல் சில காலம் பக்கவால்வு என்ஜினோடு வந்த வண்டிக்கு, 1959-லிருந்து பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-வரிசை மேல்வால்வு என்ஜின் வந்தது. கொள்ளளவு 1489 சி.சி. சிலிண்டரின் உள்விட்டம் 73 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 88.9 மில்லிமீட்டர். பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. தாங்கும் திறனில் அதற்கு இணை குறைவு. ஆனால் அதைத் திரும்பப் பூட்டும்போது தவறுவதற்கு நான்கைந்து இடங்கள் உண்டு.

முதலாவது, டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் தண்டு. இது கேம்ஷாஃப்டின் பல்லோடு கோத்துச் சுழல்கிறது. முதல் சிலிண்டர் கம்ப்ரஷனின் உச்சியில் நிற்கும்போது இந்தத் தண்டின் பள்ளம் குறித்த கோணத்தில் நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளிக் கோத்தால் டிஸ்ட்ரிபியூட்டரை முழுதாகத் திருப்பினாலும் டைமிங் எட்டாது. வண்டி ஓடும், இழுக்காது. உச்சி என்பதைக் கம்ப்ரஷன் உச்சிக்குப் பதில் எக்ஸாஸ்ட் உச்சியாக எடுத்துவிட்டால் பாதிச் சுற்று தவறிப்போகும். கார்புரேட்டர் வழியே வெடித்துத் துப்புமே தவிர ஸ்டார்ட் ஆகாது. அப்போது 1-3-4-2 என்ற வரிசை மாறாமல் பிளக் ஒயர்களை இரண்டிரண்டு இடம் தள்ளிப் போட்டால் வண்டி ஓடிவிடும். அனுபவசாலிகள் ஐந்து நிமிடத்தில் செய்யும் இந்த வேலை தெரியாமல், புதிதாகப் பூட்டிய என்ஜினை மறுபடி இறக்கியவர்களும் உண்டு.

இரண்டாவது, ராக்கர் ஷாஃப்ட். பி-வரிசையில் ராக்கரைத் தாங்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்தே பிடிக்கின்றன. டேப்பெட் வேலைக்காக ராக்கரை மட்டும் கழற்றினாலே ஹெட்டின் பிடி தளரும். புது காஸ்கெட் ஒழுகத் தொடங்கும். புதிதாகப் போட்ட காஸ்கெட் சூட்டில் சற்று அமுங்கும் என்பதால் சில நூறு மைல் ஓடியதும் ஹெட்டை நடுவிலிருந்து வெளிப்புறமாக வரிசைப்படி மறுபடி இறுக்க வேண்டும். இறுக்கினால் டேப்பெட் இடைவெளி மாறிவிடும்; அதையும் திரும்ப வைக்க வேண்டும். இந்த இரண்டாம் வருகைக்கு வண்டிக்காரர் வராததே பல காஸ்கெட்டுகள் போனதற்குக் காரணம். டேப்பெட் வைப்பதற்குப் பட்டறைகளில் ஒன்பது கணக்கு என்று ஒன்று உண்டு. எட்டாவது வால்வு முழுதாகத் திறந்து நிற்கும்போது ஒன்றாவதை வைக்க வேண்டும். ஆறு திறந்திருந்தால் மூன்று. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். எழுதப் படிக்கத் தெரியாத பையன்கூட மனப்பாடமாகச் செய்த முறை இது.

மூன்றாவது, லேத்து பட்டறையிலிருந்து திரும்பிய பாகங்களின் சுத்தம். கிராங்கைக் கிரைண்டிங் செய்யும்போது விழும் பொடி அதன் ஆயில் துளைகளுக்குள் தங்கும். துளைகளின் முனையடைப்பைக் கழற்றிக் குத்தி அலசாமல் பூட்டினால், அந்தப் பொடி முதல் ஐம்பது மைலிலேயே புதுப் பேரிங்கை அரித்துவிடும். தட்டும் சத்தத்துக்காக வேலை செய்த என்ஜின் அதே சத்தத்தோடு திரும்பி வந்தால், லேத்துக்காரர் கிரைண்டிங் சரி என்பார், மெக்கானிக் பூட்டியது சரி என்பார். அலசுவது யார் வேலை என்பது மட்டும் பேசப்படாமல் போயிருக்கும்.

ஆயில் குடிப்பதும் இப்படித்தான். புது ரிங் போட்டும் நீலப்புகை நிற்காவிட்டால் ரிங் மட்டம் என்ற முடிவுக்கு வருவது எளிது. பழைய சிலிண்டர் சுவர் கண்ணாடி போல் மினுக்கேறியிருந்தால் ரிங் அதில் ஒட்டித் தேய்ந்து படியாது. ஹோனிங் செய்து மெல்லிய குறுக்குக் கீறல்கள் போட வேண்டும். புது வண்டிகளும் என்ஜின் வேலை முடிந்த வண்டிகளும் பின்கண்ணாடியில் ‘ரன்னிங் இன்’ என்று எழுதிக்கொண்டு மெதுவாக ஓடியது இந்தப் படிதலுக்காகத்தான். ஆனால் முதல் சில நூறு மைலுக்கு அளவுக்கு மீறி மெதுவாக, சுமையே இல்லாமல் ஓட்டினாலும் ரிங் படியாது என்பது பலருக்குத் தெரியவில்லை. புகை எப்போது வருகிறது என்பதும் முக்கியம். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது வந்தால் ரிங் பக்கம் பார்க்க வேண்டும். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு வந்து, மறுபடி மிதித்த உடனே ஒரு முறை கக்கினால் வால்வு கைடு. முழு வேலைக்குக் காசு கொடுத்தும் ஹெட்டில் கைடு மாற்றாமல் விட்ட வண்டிகள் ஊட்டி இறக்கத்தில் தம்மைக் காட்டிக்கொடுத்தன.

இந்தக் கோளாறுகளைத் தேடிய முறைகளில் மீட்டர் கடைசியாகத்தான் வந்தது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை பிளாக்கில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பது எல்லாப் பட்டறைக்கும் பொது. மேலே கேட்டால் டேப்பெட், நடுவில் கேட்டால் பிஸ்டன், கீழே கனமாகக் கேட்டால் மெயின் பேரிங். ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றிப் பார்ப்பது அடுத்தது; எந்த ஒயரைக் கழற்றும்போது என்ஜினின் ஓட்டம் குறையவில்லையோ அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை. பிளக் இடைவெளிக்கு ஹேக்ஸா பிளேடு அளவுகோலானது. பிளேடின் கனமும் பிளக்குக்கு வேண்டிய இடைவெளியும் ஏறக்குறைய இருபத்தைந்து தௌ. அதனால் அது வெறும் ஒப்பேற்றல் அல்ல, சரியான அளவுதான். பாயின்ட் இடைவெளிக்கு விசிட்டிங் கார்டு வைத்ததில் அந்த நிச்சயம் இல்லை. அட்டைக்கு அட்டை கனம் மாறும். பாயின்ட் திறக்கும் கணத்தை அறிய சிகரெட் பேப்பரை இடையில் வைத்து மெல்ல இழுத்துப் பார்ப்பார்கள்; பேப்பர் விடுபடும் கணம் டைமிங். ஒரு சின்ன பல்பைக் கோத்துப் பார்ப்பது அதைவிடத் துல்லியம்.

இந்த முறைகளில் ஒரு குறை உண்டு. காதும் கையும் கோளாறு எங்கே என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. என்ஜினைப் பிரிப்பதற்கு முன் கம்ப்ரஷன் கேஜ் வைத்து நான்கு சிலிண்டரின் அளவையும் எழுதி வைத்திருந்தால், பூட்டிய பிறகு ஒப்பிட முடியும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு ஏறினால் ரிங்; ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கிடையே காஸ்கெட் போயிருக்கிறது. பத்து நிமிடச் சோதனை இது. இதைச் செய்யாமல், இழுவை இல்லை என்று மட்டும் கேட்டு என்ஜினை இறக்கியதால், வெறும் டைமிங்கோ அடைந்த சைலன்ஸரோ காரணமாக இருந்த வண்டிகளுக்குக்கூட முழு வேலை நடந்தது. வேலைக்கு முந்தைய அளவு எதுவும் இல்லாததால், வேலைக்குப் பின் என்ன மாறியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

சூடேறும் கோளாறைப் பற்றிச் சற்று நீளமாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் வெயிலும் தண்ணீரும் அதற்குத் தனித்தன்மை கொடுத்தன. என்ஜின் சூடேறினால் காஸ்கெட் போகும், ஹெட் வளையும். ஹெட்டை ஃபேஸிங் செய்து புது காஸ்கெட் போட்டால் சில மாதம் ஓடும், மறுபடி போகும். காரணம் பெரும்பாலும் பிளாக்கின் தண்ணீர் வழிகள். ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீரையும் போர்வெல் தண்ணீரையும் ஊற்றி ஊற்றி உப்பும் துருவும் சேறாகிக் கீழே படியும். தண்ணீர் ஓட்டம் மந்தமான மூலைகளில், குறிப்பாகப் பின்பக்கச் சிலிண்டரைச் சுற்றி, அது கெட்டியாகிவிடும். ரேடியேட்டர் கடையில் குழாய்களைக் குத்திச் சுத்தம் செய்வார்கள். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வட்டத் தகடுகளைத் தட்டி எடுத்து உள்ளே சுரண்டுவது யாருடைய வேலையிலும் சேரவில்லை. ஒவ்வொரு ஃபேஸிங்கும் ஹெட்டைக் கொஞ்சம் மெலிதாக்கும். எரிஅறை சுருங்கிக் கம்ப்ரஷன் விகிதம் கூடும். அக்காலத்துக் குறைந்த ஆக்டேன் பெட்ரோலுக்கு அது ஒத்துவராமல் மேட்டில் நாக்கிங் வரும். நாக்கிங் மேலும் சூட்டைக் கொடுக்கும். ஃபியட்டின் ஹெட் அலுமினியம் என்பதால் இந்தச் சுழலில் அது அம்பாசடரைவிட வேகமாகச் சிக்கியது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இதற்கு மருந்தாக நாடெங்கும் பரவியது. நம் ஊருக்குத் தேவையில்லை என்பது வாதம். உண்மையில் தெர்மோஸ்டாட் என்ஜினைக் குளிரவைக்கும் கருவி அல்ல, சீக்கிரம் சூடாக்கும் கருவி. குளிர்ந்த சிலிண்டர் சுவரில் எரிதலின் ஈரமும் அமிலமும் படிந்து அரிக்கின்றன என்பதும், சிலிண்டர் தேய்மானத்தில் பெரும்பங்கு இதனால்தான் என்பதும் 1930களில் பிரிட்டனில் நடந்த சோதனைகளிலேயே தெரிந்துவிட்டது. தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓடிய என்ஜினின் புது ரிங்குகள் சீக்கிரம் தேய்ந்ததற்கு ரிங் கம்பெனிதான் பழி சுமந்தது. இந்த ஒரு வழக்கத்தால் வீணான போரிங்குகளை எண்ணிப் பார்த்தால் வருத்தமே மிஞ்சும்.

என்ஜினுக்கு வெளியே உள்ள காரணங்கள் இன்னொரு பெரிய கூட்டம். சார்ல்ஸ் கெட்டரிங் 1910 வாக்கில் அமைத்த பாயின்ட், காயில், கண்டென்சர் முறையே எழுபது ஆண்டுகளுக்கு மேல் இந்தியக் கார்களில் இருந்தது. கண்டென்சர் காலையில் சரியாக இருந்து, சூடானதும் கசியும். வண்டி பத்து மைல் நன்றாக ஓடி, பிறகு இருமி நிற்கும். அரை மணி ஆறவிட்டால் மறுபடி கிளம்பும். பட்டறைக்கு வரும்போது ஆறியிருப்பதால் கோளாறு தெரியாது. இதற்காக கார்புரேட்டர் மாற்றியவர்களும் என்ஜின் வேலை செய்தவர்களும் உண்டு. இதே அறிகுறியை வேப்பர் லாக்கும் காட்டும். என்ஜின் பக்கத்தில் இருக்கும் பெட்ரோல் பம்ப் சூடாகிப் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் கார்புரேட்டருக்கு எதுவும் வராது. சித்திரை வெயிலில் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிய அம்பாசடர்களும் ஃபியட்களும் சாலையோரக் காட்சி. புதிதாக வேலை செய்த என்ஜின் இறுக்கமாக இருப்பதால் கூடுதலாகச் சூடேறும். அதுவரை வராத வேப்பர் லாக் அப்போதுதான் முதன்முதலாக வரும். வேலை சரியில்லை என்ற பேச்சும் அப்போதே தொடங்கும்.

எல்லாவற்றிலும் எளிதாகத் தவறவிடப்பட்டது எர்த் பட்டை. என்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. மின்சாரம் பாடிக்குத் திரும்ப ஒரு பின்னிய செப்புப் பட்டைதான் வழி. என்ஜினை இறக்கி ஏற்றும்போது அதைப் பூட்ட மறந்தால், ஸ்டார்ட்டரின் பெரும் மின்னோட்டம் சோக் கேபிள் வழியாகவோ ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகவோ திரும்பும். கேபிள் சுடும், சில சமயம் புகையும். ஸ்டார்ட்டர் முனகும். சுற்ற மறுக்கும் என்ஜினைப் பார்த்து ‘புது வேலை, டைட்டா இருக்கு’ என்று சொல்லி வண்டியைத் தள்ளியே பழக்கியவர்கள், பட்டையை மாட்டியதும் அது தானே எழுந்ததைப் பார்த்திருக்கிறார்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பேட்டரியின் பாஸிட்டிவ் முனைதான் எர்த். நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியபோது காயிலின் இரு ஒயர்களையும் மாற்றிப் போடாவிட்டால் ஸ்பார்க் தலைகீழாகி வலுக்குறையும். சாதாரணமாக ஓடும் வண்டி சுமையில் மிஸ் அடிக்கும்.

2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயம் கலவாத பெட்ரோல் மட்டுமே விற்பனைக்கு வந்தது. மக்கள் நலத்துக்கு அது மிகப் பெரிய நன்மை. பழைய என்ஜின்களில் மட்டும் அது ஒரு புதிய கோளாறைக் கொண்டுவந்தது. வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு உட்காரும் இடத்துக்கு ஈயத்தின் படிவு ஒரு மெத்தை போல இருந்தது. அந்தப் படிவு இருந்தவரை என்ஜின் தாங்கியது. வால்வு வேலைக்காக ஹெட்டைப் பிரித்துச் சீட்டைப் புதிதாக வெட்டிய அன்று பழைய ஈயமும் போய்விட்டது. அதன்பின் நெடுஞ்சாலையில் வேகமாக ஓடினால் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டை அரித்து உள்ளே இறங்கும். டேப்பெட் இடைவெளி மூடிக்கொண்டே வரும். வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் போகும். வேலைக்கு முன் நன்றாக இருந்து வேலைக்குப் பின் கெட்டது போலத் தோன்றும் கோளாறுகளில் இது உண்மையாகவே அப்படிப்பட்டது. டேப்பெட் சத்தம் குறைந்து என்ஜின் அமைதியாவதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டவர்கள் ஏமாந்தார்கள். ஹெட்டைக் குடைந்து கடினமான உலோகச் சீட்டு வளையங்களைப் பதிப்பதே தீர்வு. நல்ல லேத்து பட்டறைகள் இதை விரைவில் கற்றுக்கொண்டன.

அதற்குள் தொழிலின் திசை மாறிவிட்டிருந்தது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ன் மூன்று சிலிண்டர் 796 சி.சி. என்ஜினில் டைமிங் செயினுக்குப் பதில் பல் பெல்ட், அலுமினிய ஹெட். பெல்ட்டை ஒரு பல் தவறிப் போட்டால் வண்டி ஓடும், ஆனால் பிக்கப் இருக்காது. அம்பாசடர் காலத்துக் கோளாறு இங்கே புது வடிவில் வந்தது. 2000-ஐ ஒட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளால் கார்புரேட்டர் போய், பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. முறை வந்தது. 2010-க்குப் பின் என்ஜின் தன் கோளாறைத் தானே குறித்துவைக்கும் ஓ.பி.டி. முறை புது வண்டிகளுக்குக் கட்டாயமாயிற்று. பட்டறையில் ஸ்க்ரூடிரைவர் இருந்த கையில் ஸ்கேனர் ஏறியது.

ஸ்கேனர் எண்ணைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. ஹெட் வேலை முடிந்த வண்டியில் ஆக்ஸிஜன் சென்ஸர் கலவை மெலிவு என்று குறித்தால், சென்ஸர் கெட்டதாகப் பொருளில்லை. இன்டேக் மேனிஃபோல்டின் காஸ்கெட் சரியாக உட்காராமல் காற்று இழுக்கலாம். சென்ஸர் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லியிருக்கிறது. சென்ஸரை மாற்றினால் இரண்டு நாளில் அதே எண் திரும்ப வரும். ஓடும் என்ஜினின் மேனிஃபோல்டு ஓரத்தில் கார்புரேட்டர் கிளீனரைச் சற்றுத் தெளித்து, ஓட்டம் மாறுகிறதா என்று பார்ப்பது பழைய மெக்கானிக்கின் வழி. அது இன்றும் ஸ்கேனருக்குத் துணையாகத்தான் இருக்கிறது. எர்த் பட்டை மறந்த வண்டியிலோ ஒரே சமயத்தில் சம்பந்தமில்லாத நான்கைந்து எண்கள் வரும். மின்னோட்டம் திரும்பும் வழி கெட்டதால் எல்லா சென்ஸர்களும் தவறாகப் பேசுகின்றன.

உத்தர்பாரா ஆலை 2014 மே மாதத்தில் நின்றது. மிஞ்சிய அம்பாசடர்களும் பத்மினிகளும் ஹெரால்டுகளும் இப்போது பெரும்பாலும் அன்றாடம் ஓடுபவை அல்ல. ஆர்வலர்கள் பல மாதம் செலவிட்டு மீட்டெடுப்பவை. மீட்டெடுத்த என்ஜினில் இன்று அடிக்கடி வரும் கோளாறு பெட்ரோல் டேங்கிலிருந்து தொடங்குகிறது. 2023 முதல் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவுகிறது. எத்தனால் பழைய டேங்கின் உள்ளே பல பத்தாண்டுகளாக ஒட்டியிருந்த படிவைக் கரைத்துப் பெயர்க்கிறது. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து, நாட்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கைத் துருப்பிடிக்க வைக்கிறது. பம்பின் பழைய ரப்பர் டயாஃப்ரமையும் ஹோஸ்களையும் ஊதிப்போகச் செய்கிறது. பளபளவென்று பூட்டிய என்ஜின் அரை மணி ஓடி மூச்சுத் திணறினால், பார்க்க வேண்டிய வரிசை பின்னாலிருந்து முன்னால் வருகிறது. முதலில் டேங்கின் மூடியைக் கழற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டம் சீரானால் டேங்கின் காற்றுத் துளை அடைந்திருக்கிறது. பிறகு டேங்க் வடிகட்டி, பம்புக்கு வரும் குழாய், பம்பின் டயாஃப்ரம், கார்புரேட்டரின் ஃப்ளோட் அறையில் தங்கிய துரு. ஃப்ளோட் அறையின் அடியில் செந்நிறப் பொடி தெரிந்தால் ஹெட்டின் நட்டு எதையும் தொடத் தேவையில்லை. டேங்கை இறக்க வேண்டும்.